செல்விக்குத் துணை வேணும்

குதிரை வாடகைத் தொழிலில் ஒற்றைக் குதிரை என்று ஒன்று கிடையாது; குதிரையோடு மல்லுக்கட்டுகிற நம்ம ஆட்களுக்கு இது தெரியும், வாடகைக்குக் கேட்கிறவர்களுக்குத்தான் தெரியாது. தூத்துக்குடி கடற்கரையில் சவாரிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் நான் வைத்திருந்தது இரண்டு: கிழட்டு ராஜா, அவனை விட்டு நகராத செல்வி.

மாப்பிள்ளை ஒருத்தர்

ஆத்தூரில் ஒரு கல்யாணம். செல்வி மட்டும் போதும் என்றார்கள். வண்டியில் ஏற்றும்போதே கனைக்க ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்ததும் உடம்பெல்லாம் வேர்வை, திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். ஒரு அடி நகரணுமே! கூட்டமாக வாழ்கிற பிராணி, கூட்டாளி கண்ணில் படாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று நினைக்கும். கல்யாண வீட்டில் நின்று இதை யாருக்கு விளக்க? மாப்பிள்ளையை இறக்கிக் காரில் ஏற்றினோம்.

அடுத்த கல்யாணத்துக்கு ராஜாவையும் கூட்டிப்போய் முன்னால் சும்மா நடக்க விட்டேன். செல்வி சொகுசாக வந்தாள். பெண்ணின் தாய்மாமாதான் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்: "அண்ணாச்சி, மாப்பிள்ளை ஒருத்தர்தானே. இன்னொண்ணு யாருக்கு?"

நான் செய்த தப்பு

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி ராஜா வயிற்றுவலி வந்து, கொட்டகைக்கு வெளியே செத்துப்போனான். செல்வி பார்த்தால் தாங்க மாட்டாள் என்று, விடிந்ததும் அவளை மல்லுக்கட்டிக் கடற்கரைக்கு இழுத்துப்போய்விட்டேன். அதற்குள் அவனைப் புதைத்துவிட்டார்கள். பெரிய இரக்கம் என்று எனக்கு நினைப்பு. திரும்பி வந்தவள் கொட்டகையைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். புல்லை மோந்து பார்ப்பாள், தொடமாட்டாள். மூன்றாம் நாள் மாட்டு டாக்டர் வந்து என்னைத்தான் ஏசினார்: "பக்கத்துல விட்டு மோந்து பார்க்க வச்சிருக்கணும்யா. செத்துட்டான்னு அதுக்கு எப்படித் தெரியும்? வருவான்னு நிக்குது."

பீரோக் கதவு

சீக்கிரம் ஒரு துணை சேர்க்காவிட்டால் செல்வியும் பிழைக்க மாட்டாள் என்றார் டாக்டர். அதுவரை கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னார். வீட்டுப் பீரோவின் கண்ணாடிக் கதவைக் கழற்றிக் கொட்டகையில் கட்டினேன். உள்ளே ஒரு குதிரையைக் கண்டதும் செல்வி காதை நிமிர்த்தினாள். எனக்குப் போன உசிர் வந்தது. அவள் கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. பழையபடி வாசலைப் பார்த்து நின்றுகொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்: "கதவைக் கொண்டாங்க. நானாவது பொட்டு வச்சிக்கிடுதேன்."

நேர்ச்சைக் கிடா

பக்கத்து வீட்டு மெட்டில்டாக்கா, கப்பலுக்குப் போன மகன் சுகமாக வந்ததற்காக வனத்து அந்தோணியாருக்கு ஒரு கிடாவை நேர்ந்து வளர்த்தார். ராஜா செத்த ஐந்தாம் நாள் அது வேலி தாண்டி வந்து செல்வியின் தொட்டியில் வாய் வைத்தது. விரட்டப் போனேன். செல்வி தலையைக் குனிந்து அதோடு சேர்ந்து மெல்லுகிறாள்! அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை. அதிலிருந்து இரண்டும் பிரியவில்லை.

திருநாள் வந்தது. அக்கா கிடாவைப் பிடித்துக்கொண்டு தெருமுனை தாண்டியிருப்பார், செல்வி கத்திய கத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. கொட்டகைக் கம்பை உடைத்தாள். சாமிக்கு நேர்ந்ததை நான் எந்த வாயால் கேட்க? அக்காவே திரும்பி வந்து கயிற்றை என் கையில் திணித்தார்: "ஏலே, புடி. நான் வேற கிடா வாங்கிக் கொடுத்துக்கிடுதேன். மிருகத்துக்குக் காவல் இருக்கிற சாமில்லா, நான் சொன்னாக் கேப்பாரு."

நான் குதிரையை வைத்துப் பிழைக்கிறேன் என்று ஊர் சொல்கிறது. உள்ளபடிக்கு ஒரு ஆட்டுக்கிடாவின் தயவில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.