நாலு பேர் சொன்ன முனியன்

கரையான்சாவடி டீக்கடையின் பின்பெஞ்சில் சனிக்கிழமை மாலைகளில் இஞ்சி வாசனையையும் மீறி இயந்திர எண்ணெயின் வாடை அடிக்கும். அது லேத் பட்டறையிலிருந்து நேராக வந்து உட்காரும் என் அப்பா ஏழுமலையின் சட்டையிலிருந்து வருவது. அவருக்கு எதிரே தாசையா மாமா, இருவருக்கும் நடுவே எட்டாம் வகுப்புப் படித்த நான், இவ்வளவுதான் கூட்டம். வராதவர் ஒருவர் உண்டு, பேச்சு முழுக்க அவரைப் பற்றித்தான். இயேசு என்று ஒரு மனிதர் உண்மையில் இருந்தாரா இல்லையா என்பதுதான் அந்த பெஞ்சில் இரண்டு வருடமாக நடந்துவந்த வழக்கு. வராத இன்னொருவர் என் அப்பாவைப் பெற்றவர். அவரைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை.

தாசையா மாமா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, காட்டுப்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு, சும்மா இருக்கப் பிடிக்காமல் திருமழிசையில் அப்பா லேத் ஓட்டிய பட்டறைக்கே அளவு பார்க்கும் வேலைக்கு வந்தவர். அப்பாவுக்கு எண்கள் தெரியும், தன் பெயரைக் கையெழுத்தாகப் போடத் தெரியும், மற்றபடி எழுத்து தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான் என்பதால், மாமா கொண்டுவரும் கறுப்பு அட்டை வேதப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பது என் பொறுப்பு.

அப்பா சாமி கும்பிடாதவர். "பேர்ல ஏழு மலையையும் தூக்கி வச்சிக்கிட்டு சாமி இல்லங்கீரே, வே" என்று மாமா சீண்டுவார். "பேரு எங்கம்மா வச்சது அண்ணாத்தே, என்னை கேட்டா வச்சிது" என்பார் அப்பா. ஆனால் சாமி இல்லை என்பதோடு அவர் நிற்க மாட்டார், அந்த ஆளே இருந்ததில்லை என்று நிரூபித்தாக வேண்டும் அவருக்கு. வேதப் புத்தகத்தில் இயேசுவின் கதையை நால்வர் தனித்தனியே எழுதியிருக்கிறார்கள் அல்லவா, ஒரே சம்பவத்தை நால்வரிடமிருந்தும் மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்வார். இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்கள் ஒருவர் கணக்கில் ஒருத்தி, இன்னொருவர் கணக்கில் மூவர் என்று வந்துவிட்டால் போதும், பெஞ்சைத் தட்டுவார். "நாலு பேரு, நாலு கத. பாத்தவன் எவனும் இல்ல, பூரா ரீலு."

மாமா கோபித்துக்கொண்டதில்லை. ஒருமுறை மட்டும் கேட்டார்: "எனக்கு அவரு இருக்காரு, நான் தேடுதேன். ஒமக்குத்தான் அவரே கெடையாதே, பொறவு எதுக்கு வே சனிக்கிழம தவறாம தேடுதீரு?" அப்பா டீயை உறிஞ்சிவிட்டு, "படிடா" என்றார் என்னிடம்.

அந்த வருடம்தான் சாலையை அகலப்படுத்த அளக்க வந்தார்கள். எங்கள் வீட்டின் முன்பாதி கோட்டுக்குள் விழுந்தது. பட்டா இருப்பவர்களுக்குப் பின்தெருவில் மாற்று மனை, இல்லாதவர்கள் "ஆக்கிரமிப்பு", காலி செய்ய வேண்டும் என்றார்கள். எங்கள் மனை, கழனியில் கூலிக்கு உழைத்தவர்களுக்கு அரசு எப்போதோ கொடுத்தது. பட்டா தாத்தா பெயரில் இருந்தது. அதை மாற்றுவதற்கு அவர் இறந்ததற்கான சான்று வேண்டும். தாத்தா இறந்தபோது அப்பாவுக்கு நாலு வயது. இறப்பை யாரும் பதியவில்லை, புகைப்படம் கிடையாது, அப்பாவுக்கு முகம்கூட நினைவில்லை. கிராம நிர்வாக அலுவலர் பழைய பதிவேட்டைப் புரட்டி ஒரே ஒரு வரியைக் காட்டினார். அதில் இருந்த பெயர் முனியன். எங்கள் ரேஷன் கார்டிலோ அப்பாவின் தகப்பன் பெயர் முனுசாமி.

"பேர் இருக்குதுங்க. ஆனா இப்படி ஒருத்தர் இருந்தாரு, செத்தாரு, இவருதான் உங்கப்பான்றதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் அவர். குரலில் அதட்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

வெளியே வந்த அப்பா சைக்கிளின் பூட்டைத் திறக்காமல் வெகுநேரம் சாவியைக் கையில் வைத்திருந்தார். "எங்கப்பன் இருந்தானான்னு கேக்கறான்டா" என்றார்.

தாத்தாவை நேரில் பார்த்த நான்கு பேரிடம் வாக்குமூலம் எழுதி வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். நோட்டை எடுத்துக்கொண்டு நான்தான் வீடு வீடாகப் போனேன். ஒருவர் தாத்தா நெட்டை என்றார், இன்னொருவர் குட்டை என்றார். பாம்பு கடித்துச் செத்தார் என்பது ஒரு வீடு, மஞ்சள் காமாலை என்பது அடுத்த வீடு. ஒருவருக்கு முனியன், மற்றவருக்கு முனுசாமி. ஆயிரம்மா என்ற கிழவி, "அவனா, பீச்சாங்கையில அருவா புடிச்சி அறுப்பான், பக்கத்துல நிக்க முடியாது, நம்ம கை போயிடும்" என்று சிரித்தாள். இரண்டு தெரு தள்ளியிருந்த ஒருவரும் அந்த இடக்கையைச் சொன்னார்.

நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா, எத்தனை சனிக்கிழமை அப்பா பெஞ்சைத் தட்டக் கேட்டிருக்கிறேன். அதனால் இரவோடு இரவாக எல்லாவற்றையும் சரிசெய்தேன். நான்கு தாளிலும் ஒரே தாத்தாவை எழுதினேன்: முனியன் என்கிற முனுசாமி, நடுத்தர உயரம், காய்ச்சலால் காலமானார். இடக்கையை இரண்டு பேர்தான் சொன்னார்கள் என்பதால் விட்டுவிட்டேன். நான்கு பேரும் என் கையெழுத்தின் அழகைப் பாராட்டிக் கைநாட்டு வைத்தார்கள்.

அலுவலர் இரண்டாவது தாளைப் பாதியில் கீழே வைத்தார். "யார் எழுதினது?"

"எம்புள்ள சார். எட்டாவது படிக்கிறான்."

"நல்லா எழுதறான். நாலும் ஒரே காபி. இதை மேல அனுப்பினா என் வேலை போயிடும்."

அப்பா தாள்களை வாங்கிப் பார்த்தார். எழுத்து தெரியாவிட்டால் என்ன, நான்கிலும் வரிகள் ஒரே இடத்தில் முடிவது தெரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அலுவலரிடம் சொன்னார்: "நீ சொல்றது நாயம் சார். பட்டறையில பத்து பீஸ் அளந்தேன்னு பத்துக்கும் ஒரே ரீடிங் எழுதிகினு வந்தான்னா, அவன் அளக்கவே இல்லன்னு அர்த்தம். குந்துன எடத்துல போட்டது. நெசமா அளந்தவன் எழுதினா ஒரு நூலாவது மாறும், ஒரே மாரி இருந்தாத்தான்..."

அங்கேயே நிறுத்திவிட்டார். துணைக்கு வந்திருந்த தாசையா மாமா அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்திருக்கலாம். சிரிக்காமல் இருந்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை.

மறுபடி போய், அவரவர் சொன்னதை அவரவர் சொன்னபடியே எழுதி வந்தேன். அலுவலர் நெட்டையையும் குட்டையையும் படித்தார், பாம்பையும் காமாலையையும் படித்தார். இடக்கை வந்த இரண்டு தாள்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு கையெழுத்துப் போடச் சொல்லி அப்பாவிடம் பேனாவை நீட்டினார். அப்பா அதை இடக்கையால் வாங்கினார். அலுவலர் அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் பரிந்துரையை எழுதத் தொடங்கினார்.

அடுத்த சனிக்கிழமை அப்பா வாசிக்கச் சொல்லவில்லை. "சாமி இல்ல அண்ணாத்தே, அதுல மாத்தம் இல்ல" என்று ஆரம்பித்தார்.

"சரி வே."

"ஆளு இருந்திருப்பான்."

மாமா கையிலிருந்த வேதப் புத்தகத்தைப் பெஞ்சில் வைத்தார்.

"சாமிய நான் இல்லன்னா சாமிக்கு ஒண்ணும் கொறையாது. ஒரு தச்சு வேல செஞ்சவன, அதிகாரத்துல கீறவன் இஸ்த்துகினு போய் கொன்னுட்டான். அவங்கிட்ட பேப்பர் இல்ல, நாலு பேரு வாய்தான் கீது. அவன போய் ஆளே இல்லன்னா, நான் யார் பக்கம் நிக்கறேன்?"

மாமாவின் கண் கலங்கியது. அதை மறைக்கிற மாதிரி, "அப்படியே ஒரு ஆமென் சொல்லும் வே" என்றார்.

"டீ சொல்லு" என்றார் அப்பா.

நான் பிறகு வரலாறு படித்தேன். எனக்கும் நம்பிக்கை கிடையாது. நம்பாதவனுக்கு இயேசு என்று ஒருவர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, அவர் இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டால் சாமி இல்லை என்கிற எங்கள் கட்சி வலுக்கும் என்ற ஆசை எங்களுக்கு உண்டு, அந்த ஆசையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவருடைய ஆட்கள் சொன்னவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன, அவரைப் பின்பற்றாத வெளி ஆட்களின் ஏட்டில் ஓரிரு வரிகள் இருக்கின்றன. அற்புதங்களை நான் ஏற்கவில்லை. ஆனால் பெரும்பாலான ஆய்வாளர்களைப் போல, அந்த முட்டல்களுக்குப் பின்னால் ஒரு மனிதர் நடமாடியிருக்கிறார் என்பதை ஏற்கிறேன். ஏழைகள் பெரும்பாலும் இப்படித்தான் ஏட்டில் நிற்கிறார்கள், பெயர் ஒரு விதமாகவும் உயரம் ஒரு விதமாகவும்.

இன்று அந்த டீக்கடை இருந்த இடத்தின் மேல் லாரிகள் போகின்றன. தாசையா மாமா இல்லை. அவருடைய அடக்க ஆராதனையில் அப்பா கடைசிவரை நின்றார், முழங்கால் மட்டும் போடவில்லை. வாக்குமூலம் தந்த நால்வரும் போய்விட்டார்கள், இனி யார் கேட்டாலும் தாத்தாவைப் பார்த்தேன் என்று சொல்ல ஆளில்லை. பின்தெரு மனையில் நாங்கள் இருக்கிறோம். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் கைக்கு வர ஏழு மாதம் பிடித்தது. முத்திரைத்தாள், ஜெராக்ஸ், தாமதக் கட்டணம், பஸ், அப்பா பட்டறைக்குப் போகாத ஒன்பது நாள் கூலி எல்லாம் சேர்த்து, முனியன் என்கிற முனுசாமி இந்த உலகத்தில் இருந்தார் என்று எழுதி வாங்க எங்களுக்கு ஆனது நாலாயிரத்து எழுபது ரூபாய்.