செத்த நாய்க்கு ஒரு சூப்பர்

எங்கள் நாய் மணி செத்துப்போனதைப் போன வாரம் என் பிளாக்கில் எழுதியிருந்தேன். அதன் கீழே ஒருவர், "சூப்பர் சார், கலக்குங்க! நம்ம பிளாக்குக்கும் வாங்க" என்று லிங்க்கோடு கமெண்ட் போட்டிருந்தார்.

இன்று தாம்பரம் ஸ்டேஷனில் அதே ஆசாமி, பிளாக்கில் என் போட்டோவைப் பார்த்த ஞாபகத்தில் வந்து, தன் பிளாக் பெயரைச் சொல்லிக் கை கொடுத்தார். வீடு பக்கத்துச் சிட்லபாக்கத்தில்தானாம்.

"நாய் செத்ததுல என்ன சார் சூப்பர்?" என்றேன்.

"எல்லாத்தையும் படிச்சுட்டு கமெண்ட் போட்டா டிராஃபிக் எப்போ சார் ஏறும்? அத விடுங்க. நான் வந்து போட்டேன்ல, நீங்க இன்னும் நம்ம பக்கம் வரவே இல்லையே?"

கோபம் அவருக்கு!

டிரெயினில் உட்கார்ந்ததும் அவர் பிளாக்கைத் திறந்தேன். பைக் திருடுபோன சோகத்தை எழுதியிருந்தார். "அருமை! அடிக்கடி நடக்கட்டும்" என்று நானும் மொய் எழுதினேன்.

உடனே பதில் வந்தது: "நன்றி சார், ஆதரவு தொடரட்டும்!"

இங்கே 'அருமை' போட வருகிறவர்கள், முதலில் என் நாயின் பெயரைச் சொல்லுங்கள்.