தலைகீழாகத் தொங்கிய வீடு

பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுப்பதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதற்காகத்தான் நாற்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் படிக்கப் போனேன். பள்ளிக்குக் கம்ப்யூட்டர்கள் வரப்போகின்றன, அதைக் கற்றுக்கொள்ளாத டீச்சருக்கு இனி மேல்வகுப்புகள் கிடையாது என்று எச்.எம். சொல்லிவிட்டார். ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தியே ஓய்வுபெற வேண்டியதுதான்.

பல்லாவரத்தில் பள்ளி விட்டதும் மின்சார ரயிலில் நின்றுகொண்டே தாம்பரம் வருவேன். ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு ஜவுளிக்கடை மாடியில் வகுப்பு. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் ஏ.சி. அறைக்குள் போகவேண்டும், தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடுமாம். நாள் முழுக்க நின்ற கால் அந்தச் சில்லென்ற தரையில் பட்டதும் தூக்கம்தான் வரும், புரோகிராம் வராது.

கிராபிக்ஸ் பாடம் வந்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். புள்ளி, கோடு, வட்டம் எல்லாம் நம் சரக்குதானே? கிராஃப் தாளில் ஒரு வீடு வரைந்து, மூலைக்கு மூலை எக்ஸ், ஒய் எண்களைக் குறித்து, புரோகிராம் எழுதி ஓட்டினேன். திரையில் வீடு தலைகீழாகத் தொங்கியது. கூரை கீழே, வாசற்படி மேலே.

“மானிட்டர் ரிப்பேர் போல,” என்றேன்.

சொல்லித்தருபவருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். “இல்ல மேடம். இதுல பூஜ்யம் மேல இடது மூலையில இருக்கு. கீழ வர வரத்தான் ஒய் கூடும்.”

“மேல போனாத்தாங்க ஒய் கூடும். இத்தனை வருஷமா அதைத்தான் நடத்துறேன்.”

“மெஷினுக்கு அது தெரியாதே, மேடம்.”

எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சண்டை போடத் தெம்பில்லை. ஒவ்வொரு ஒய்யையும் திரையின் உயரத்திலிருந்து கழித்து மறுபடி எழுதினேன். வீடு நிமிர்ந்தது. சந்தோஷப்படக்கூட நேரமில்லாமல் வீட்டுக்குப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

கோர்ஸை முடித்து, சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எச்.எம்.முக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“ரொம்ப சந்தோஷம் மிஸ். இனிமே கம்ப்யூட்டர் முழுக்க உங்களுக்குத்தான். பிளஸ் டூ கணக்கைப் புதுசா வர்ற டீச்சர் பாத்துக்கட்டும். உங்களுக்கும் பாரம் குறையும்.”

வாய் மட்டும், “சரிங்க மேடம்,” என்றது.

முதல் கம்ப்யூட்டர் வகுப்பில் முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். “மிஸ், இனிமே கணக்குக்கு நீங்க வரமாட்டீங்களா?”

கரும்பலகையின் இடது மேல் மூலையில் பூஜ்யத்தை எழுதி, ஒய் அச்சைக் கீழ்நோக்கி இழுத்தேன்.