பேர் சொல்லாத அழைப்புக்கு வந்தவள்

விமல்ராஜ் என்ற பேரை தேவகி முதன்முதலில் கேட்டது, கல்யாணமாகி வந்த மறுநாள் உச்சிப்பொழுதில், மொட்டை மாடியில். அதுவரைக்கும் கொழுந்தனை அந்த வீட்டில் எல்லோரும் சின்னவன் என்றுதான் சொன்னார்கள். பத்திரிகையில்கூட அவன் பேர் விட்டுப்போயிருந்தது. மாகறலிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், கூறைப்புடவையை நிழலில் உலர்த்தலாம் என்று படியேறினாள். தண்ணித்தொட்டி ஓரமாக ஒரு பெண் நின்றுகொண்டு, "விமல்ராஜ்... விமல்ராஜு... விமலு..." என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், புது மிட்டாயை நாக்கில் புரட்டுகிற மாதிரி.

"யாரும்மா நீ? பக்கத்து வூடா?" என்றாள் தேவகி.

அந்தப் பெண் திரும்பினாள். பதினேழு, பதினெட்டு வயசு இருக்கும். அப்போதுதான் முழுகி எழுந்தாற்போல் தலை சொட்டியது. கல்யாணத்துக்கு முதல் நாள் பூவாடைக்காரிக்குப் படைத்த மஞ்சள் பாவாடை அவள் இடுப்பில் இருந்தது.

"உன் கண்ணுக்கு நான் தெரியறனாக்கா?" என்று அவள்தான் ஆச்சரியப்பட்டாள். "சரிதான், நீயும் நானும் ஒரே கல்யாணத்துக்கு வந்தவங்கதானே. உன்னையும் கூப்பிட்டாங்க, என்னையும் கூப்பிட்டாங்க."

வந்த மறுநாளே மாடியில் ஒருத்தியைப் பார்த்தேன் என்றால் மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். தேவகி வாயைத் திறக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன என்று மெல்ல மெல்ல விசாரித்துத் தெரிந்துகொண்டாள்.

அந்தப் பக்கத்தில் கன்னியாகவே செத்துப்போன பெண்ணை யாரும் அப்படியே விட்டுவிடுவதில்லை. அவள்தான் வீட்டுக்குப் பூவாடைக்காரி. கல்யாணம் என்றால் முதலில் பம்பை அடித்து, தண்ணீரிலிருந்து அவளைப் பூச்செம்பில் அழைத்து வந்து, புதுத்துணி வைத்துச் சோறு படைத்துவிட்டுத்தான் மற்ற காரியம். தேவகியின் புருஷன் பழனியின் அப்பாவுக்கு ஓர் அக்காள் இருந்தாள். சொந்த ஊரான தாமலில், சமைந்த வருஷமே ஏரியோடு போய்விட்டவள். அவளை அழைக்கத்தான் பழனி கல்யாணத்துக்கு எல்லோரும் தாமல் ஏரிக்கரைக்குப் போயிருக்கிறார்கள். போன இடத்தில் பம்பைக்காரர், "பேர் சொல்லுங்கபா, யாருன்னு கூப்பிடறது?" என்று கேட்டிருக்கிறார்.

ஒருத்தருக்கும் தெரியவில்லை. பழனியின் அப்பா அவளை அக்கா என்பார், ஊர் பாப்பா என்றது. அவரும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மாமியார் அங்கம்மாளுக்கு வெயில் தாங்கவில்லை.

"பேர் எதுக்குடா? நம்ம வூட்டுப் பொண்ணுக்கு நம்ம குரல் தெரியாதா? வாம்மான்னு கூப்பிடு, ஓடியாந்துடும்."

பழனி அப்படியே கூப்பிட்டான். விமல்ராஜ் தலையில் இருந்த செம்பு கனத்தது. கனத்ததும், வந்துவிட்டாள் என்று வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள்.

பேர் சொல்லாமல் கூப்பிட்டால், காதில் விழுந்த யார் வேண்டுமானாலும் வரலாம். அன்றைக்கு வந்தது அந்த வீட்டுப் பெண் இல்லை. கரையில் ஏழு கல்லாக நிற்கிற கன்னிமாரில் இளையவள். சுமந்து வந்தவன் என்பதால் விமல்ராஜ் கண்ணுக்கும் அவள் தெரிந்தாள்.

விமல்ராஜுக்குப் பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் வரைகிற கடையில் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுப் பக்கமே வராதவன், இப்போது தட்டோடு மாடி ஏறினான். துணி எடுக்கப் போகிற தேவகியின் காதில் அவர்கள் பேச்சு விழும்.

"உன் பேர் என்னா?"

"ஏழு பேருக்கும் சேத்து ஒரே பேருதான், கன்னிமாருன்னு. எனக்குன்னு தனியா யார் வெச்சா?"

"நீதானே கடேசி? அப்போ கடேசின்னு கூப்பிடறேன்."

"கூப்பிடு. ஆனா அடிக்கடி கூப்பிடணும்."

வரைந்ததைத் தாளில் எடுத்து வந்து காட்டுவான். அவள் ஒரு நாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னாபா இது, அன்னமா? கழுத்தை இப்படி வெச்சா தண்ணியில கவுந்துடும்."

"நீ ரொம்பப் பாத்தவ!"

"பாத்தவளா? அதுங்க முதுகுல சாஞ்சி தூங்கியிருக்கேன்."

அவள் சொன்னபடி கழுத்தைத் திருத்தினான். அந்த பார்டர் போட்ட சேலை அந்த முகூர்த்தக் காலம் முழுக்க ஓடியது. அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு டிவிஎஸ் வண்டியில் ஊரைச் சுற்றுவான். மற்றவர்கள் கண்ணுக்கு அவன் மட்டும்தானே? மூங்கில் மண்டபத்தருகே கூட்டாளி ஒருத்தன் நிறுத்திக் கேட்டான்: "இன்னாடா விமலு, தனியா பேசிக்கினு போறியே, வண்டி பதில் சொல்லுதா?" அவன் கூச்சப்பட்டுச் சிரித்தபோது, பின்னாலிருந்தவளும் சிரித்தாளாம். தேவகிக்கு அந்தக் கதையைச் சொன்னவளே அவள்தான். அந்த வயசுக்குரிய சந்தோஷம் அந்தப் பையன் முகத்தில் இருந்தது. அதைக் கலைக்க தேவகிக்கு மனசு வரவில்லை.

ஆனால் தேவகிக்கு நின்ற கரு கலைந்தது. அடுத்ததும் தங்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் ஒரு பிள்ளை பசித்து முனகுகிற சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். அங்கம்மாள் பயந்து, தென்னேரியில் குறி சொல்கிற துரைக்கண்ணுவிடம் போய்வந்தாள். வந்ததும் கூடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நம்ம பொண்ணு இன்னும் கரையிலேயே உக்காந்துக்கினு இருக்குதாம்டி தேவகி. நாம போடற இலையில வேற யாரோ உக்காந்துட்டாங்களாம். வெறும் வயித்தோட கெடக்கிறவ வூட்ல வயிறு எப்படி நெறையும்னு கேக்கறான்."

தேவகி நேரே மாடிக்குப் போனாள். போன வேகத்தில் கேட்டாள்: "நீ துன்றது யார் சோறு?"

கடேசி தலையைக் குனிந்துகொண்டாள். "இந்த வூட்டுப் பொண்ணோடதுதான்க்கா. மதகாண்ட உக்காந்துக்கினு இருக்கும். மறந்துடக் கூடாதுன்னு தன் பேரைத் தானே சொல்லிக்கினு இருக்கும். நாங்க ஏழு பேரும் கேட்டுக்கினே இருப்போம்."

"அப்போ உனக்குப் பேர் தெரியும்."

"தெரியும். விமலுக்கும் சொல்லிட்டேன். சொல்லாம இருந்தா திருட்டுதானே? பேர் சொல்லிக் கூப்பிட்டா அது வந்துடும். அது வந்துட்டா எனக்கு இங்க எடம் கெடையாது, திரும்ப வரவும் முடியாது. அவன்தான் வாயைத் தொறக்க மாட்டேன்றான்."

"தெரிஞ்சிமா அதும் எடத்துல வந்து உக்காந்தே?"

"கரைக்கு வர்றவங்க மொதக் கல்லுலேர்ந்து பூ வெச்சிக்கினு வருவாங்கக்கா. எங்கிட்ட வர்றதுக்குள்ள தீந்துடும். அன்னிக்கி வாம்மான்னு ஒரு குரல் கேட்டுது. யாரைன்னு கேக்கத் தோணல."

தேவகி கொடியில் இருந்த துணியை உருவிக்கொண்டு கீழே இறங்கினாள்.

அன்று மாலை விமல்ராஜ் அடுப்படிக்கு வந்து நின்றான். "அண்ணி, அந்தப் பேரை எங்கிட்ட கேட்டுடாதீங்க. நீங்க கேட்டா நான் சொல்லிடுவேன்."

"நான் கேக்கல தம்பி" என்றாள் தேவகி. கேட்கவும் இல்லை. ஆனால் கலைந்துபோன இரண்டையும் நினைத்துக்கொண்டு, வெகுநாள் அவன் முகத்தைப் பார்க்காமலே சோறு போட்டாள்.

இரண்டாயிரமாவது வருஷம் நாத்தனார் துர்காவுக்குக் கல்யாணம் கூடியது. தேவகி மறுபடியும் முழுகாமல் இருந்தாள். "வயித்துப்புள்ளக்காரி ஏரிக்கரைக்கு வரக்கூடாது" என்று அங்கம்மாள் தடுத்தும் கேட்காமல் தாமலுக்குப் போனாள். அந்த வருஷம் ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. பம்பைக்காரர் வேறு ஆள். கேள்வி அதேதான்.

"யாருன்னு கூப்பிடறதுபா? பேரு?"

பழனி அம்மாவைப் பார்த்தான். அங்கம்மாள் மதகைப் பார்த்துக் கைகூப்பி அழுதாள். "எங்களுக்குத் தெரியலியேம்மா... பெத்தவங்க வெச்ச பேரு தெரியாத பாவியாயிட்டமே..."

செம்பைத் தலையில் வைத்திருந்த விமல்ராஜ் தேவகி பக்கம் திரும்பினான். கண்ணால் கேட்டாலும் கேட்டதுதானே என்று அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சும்மா நின்றிருந்தால் ஒருத்தருக்கும் தெரியாது. முன்போலவே வாம்மா என்று கூப்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்பார்கள். பம்பை நின்ற அந்த அமைதியில் மதகுப் பக்கத்திலிருந்து சின்னக் குரல் ஒன்று முணுமுணுப்பது தேவகிக்கே கேட்டது. சொல் புரியவில்லை, தேய்ந்துபோயிருந்தது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"ஏலவார்குழலி" என்றான். குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்தினான். "ஏலவார்குழலி! எங்கத்தே! வூட்டுக்கு வா, சோறு துன்ன வா!"

செம்பு கனத்து அவன் கழுத்து உள்ளே இறங்கியது. "உனக்கு எப்படிடா தெரியும்?" என்று அங்கம்மாள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "தெரியும்மா" என்றான். அவ்வளவுதான்.

"கன்னிமார் கல்லாண்ட போய்ட்டு வா தம்பி" என்றாள் தேவகி, மெதுவாக.

"எந்த மூஞ்ச வெச்சிக்கினு அண்ணி போவேன்?"

போகவில்லை. பம்பைச் சத்தத்தோடு வீட்டுக்கு வந்தபோது, மாடிப்படி மேலே கடேசி நின்றிருந்தாள். துர்காவின் கல்யாணத்தைப் பார்க்கலாம் என்று தலையைச் சீவிப் பின்னியிருந்தாள். செம்பைப் பார்த்தாள். அதைச் சுமந்தவனைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள்.

"மொதல்ல சோறு போடச் சொல்லு விமலு. ரொம்ப நாள் பட்டினி அது."

அவன் "கடேசி" என்றான். வாசலில் இருந்தவர்கள், வரிசையில் கடைசியாக வருகிற யாரையோ கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்த்தார்கள். படியில் யாரும் இல்லை. மஞ்சள் பாவாடை மட்டும் கிடந்தது. தேவகிதான் அதை எடுத்து மடித்தாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

தேவகிக்கு ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. அங்கம்மாள் ஏலவார்குழலிக்குப் பொங்கல் வைத்தாள். வாசலில் முனகல் நின்றுவிட்டது. விமல்ராஜ் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொள்வான், கொஞ்சுவான். மாடிக்கு மட்டும் போக மாட்டான். கடை முதலாளி அந்தப் பழைய அன்னத்தை இன்னொரு தரம் போட்டுக் கொடு என்று கேட்டபோது, கை வரவில்லை என்று வேலையை விட்டான். பெண் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். "வேணாம்மா, ஒரு பொண்ணை அனுப்பினதே போதும்" என்றான். துர்காவைத்தான் சொல்கிறான் என்று அங்கம்மாள் நினைத்துக்கொண்டாள்.

விமல்ராஜ் இப்போது ஆந்திராவில், தர்மாவரத்தில் இருக்கிறான். சேலைக்கு பார்டர் வரைகிற வேலைதான், அன்னம் மட்டும் வரைவதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை.