தலைக்கு மேலே ஒரு கல்லறைத் தோட்டம்

செக் நாட்டின் பிராகா நகரில் நான் வேலைக்குப் போகும் தெருவில் இறந்தவர்கள் என் தலைக்கு மேலே இருக்கிறார்கள். யோசெஃபோவ் என்னும் பழைய யூதர் பேட்டையின் கல்லறைத் தோட்டம் அது. சுவருக்கு இந்தப் பக்கம் தெரு பள்ளத்தில் ஓட, அந்தப் பக்கம் மண் ஆளுயரத்துக்கு மேடிட்டு நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் வாய்பிளக்கிறார்கள். கோலார் தங்கவயலில் பிறந்த எனக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. எங்கள் ஊரிலும் செத்தவர்கள் மேலே படுத்திருக்க, உயிரோடிருந்த அப்பா சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் என்ற கூண்டில் ஏறி அவர்களுக்கும் கீழே வேலைக்குப் போய்வந்தார்.

வந்த புதிதில், அங்கே நுழைவுச்சீட்டு கொடுக்கும் ஹனா என்ற அம்மாளிடம் கேட்டேன்: “பழைய எலும்பையெல்லாம் எப்போது வெளியே எடுப்பீர்கள்?” ஏதோ திருட வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தங்கவயலின் மாரிகுப்பத்தில், பௌத்தக் குடும்பங்களான எங்களுக்குச் சுரங்கக் கம்பெனி காலத்தில் கிடைத்தது ஒரு துண்டு இடுகாடு. அது நிறைந்தபின், பழைய குழியைத் திறந்து, எலும்பைத் துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவரை இறக்குவது வழக்கம். ஹனாவுக்கு அது புரியவில்லை. “யாரையும் எடுப்பதில்லை. மண்ணைக் கொட்டி மேலே புதைத்தார்கள்,” என்றார். யூதர்களுக்கு வேறு நிலம் கிடைக்கவில்லை. புதைத்தவரைக் கலைக்க அவர்கள் சமயமும் விடவில்லை. அதனால் அடுக்கடுக்காய் ஏறியதுதான் அந்த மேடு. இரண்டாம் உலகப்போரில் நாஜிகளால் கொல்லப்பட்ட பிற்காலத்தவர்களுக்கோ கல்லறையே இல்லை. பக்கத்துத் தொழுகைக்கூடத்தின் சுவரில் பெயர் மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

சென்ற மாதம் அம்மா போய்விட்டாள். அப்பாவோடுதான் வைக்கவேண்டும் என்பது அவள் வாயால் சொன்ன ஒரே ஆசை. நான் விமானநிலையத்திலிருந்து நேராக இடுகாட்டுக்குப் போனபோது பஞ்சசீலம் சொல்லி முடித்திருந்தார்கள். மழை கறுத்துக்கொண்டு வந்தது. குழிவெட்டும் முனியப்பா, அப்பாவின் குழியை மூடியிருந்த பெயர்க்கல்லின் இடுக்கில் கடப்பாரையைச் செருகினார். எனக்குள் என்னவோ அறுந்தது.

“நிறுத்துங்க! அப்பாவைத் தொடாதீங்க!”

அண்ணன் ஆனந்தனுக்கு முகம் சிவந்துவிட்டது. “இன்னா கௌதமி இது? ஊரு வழக்கம் தெரியாதா உனக்கு? வேற எடம் எங்க கீது?”

“சுரங்கம் சரிஞ்சப்போ ஒருவாட்டி அவரைத் தோண்டித்தானே எடுத்தாங்க. இன்னொருவாட்டி தோண்டணுமா?”

அண்ணன் கடப்பாரையின் மேல் கைவைத்து முனியப்பாவை நிறுத்தினான். அப்பாவைப் பாறைக்கடியிலிருந்து எடுத்து வரும்வரை ஷாஃப்ட் என்ற சுரங்கக் குழியின் வாசலிலேயே நின்றவன் அவன். உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். “வெளிநாட்டுல இருந்து வந்து சட்டம் பேசுது,” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அம்மா வெள்ளைத்துணிக்குள் காத்திருந்தாள். பிராகாவில் பார்த்ததைச் சொன்னேன். எதையும் அசைக்கவேண்டாம், மேலே மண் ஏற்றலாம்.

“சைனைட் மண்ணு ஆகாது,” என்றார் முனியப்பா, எதிரே நின்ற, தங்கம் பிரிக்கச் சைனைடு கலந்த சுரங்கக் கழிவு மலையைக் காட்டி. அண்ணன் பேத்தமங்களா பக்கத்திலிருந்து டிராக்டரில் செம்மண் வரவழைத்தான். குழியைச் சுற்றிச் செதுக்கிய சைஸ் கல் அடுக்கி, உள்ளே மண் நிரப்பி, அம்மாவைக் கிடத்தி, மறுபடி மண் நிரப்பினோம். கடைசிக் கூடை விழவும் மழை பிடித்துக்கொண்டது.

“அப்பா ரெண்டாவது லெவலு, அம்மா மொத லெவலு,” என்று, சுரங்கத்தில் மேலிருந்து கீழே தளம் எண்ணுகிற கணக்கில் சொல்லி அண்ணன் சிரித்தான். பிறகு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

பிராகாவுக்குத் திரும்பியதும் ஹனாவிடம் பெருமையாகச் சொன்னேன், உங்கள் வழியில்தான் செய்தோம் என்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லது. அப்பாவின் கல்லை மேலே தூக்கி வைத்தீர்கள்தானே? இங்கே ஒவ்வொரு முறையும் பழைய கல்லையும் மேலே ஏற்றினார்கள். அதனால்தான் இத்தனை நெருக்கம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே வந்து அண்ணனைப் போனில் கூப்பிட்டேன்.

“அண்ணா, அப்பா கல்லு?”

“நீதானே எதையும் அசைக்காதேன்ன. உள்ளதான் கீது. இப்ப சொல்லு, தோண்டட்டுமா?”

“வேணாம்ணா!” என்று தெருவிலேயே கத்திவிட்டேன்.

“சரி, அழாத. புதுசா ஒண்ணு செய்யச் சொல்றேன். அப்பா பேரு, அம்மா பேரு. பெரிய கல்லா சொல்றேன். கீழ ரெண்டு வரி எடம் உடறேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. நீ எங்க படுத்தாலும் பேரு இங்க இருக்கட்டும்.”

சுவருக்கு மேலே அந்தப் பழைய கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. என் செருப்பின் ஓரத்தில் பேத்தமங்களாச் செம்மண் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. “சரிண்ணா,” என்றேன்.