நிலவறையில் விட்டுவந்த தாலி

பேய்க்கதை சொல்கிற ஆட்களைக் கண்டால், "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று முகத்துக்கு நேரே சொல்லிச் சிரிக்கிறவள் நான். நீங்களும் என்னை அப்படித்தான் சொல்லப் போகிறீர்கள், சொல்லுங்கள். ஆனால் ஒன்று, அங்கே இருட்டே இல்லை. பட்டப்பகல்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். பாரிசில் என் தம்பி ஜூட்டுக்குக் கலியாணம். நாங்கள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், தாலியை மாப்பிள்ளையின் அக்கா கொண்டுபோவது எங்கள் வீட்டு வழக்கம். நாங்கள் இருக்கிற மொன்ட்ரியாலில், பரிசுத்த ஆவியின் அடையாளமாகப் புறா பொறித்துச் செய்வித்த தாலியைக் கைப்பையில் வைத்து, பையைக் கழுத்தில் மாட்டியபடியே விமானத்தில் தூங்கினேன். சனிக்கிழமை கலியாணம், அடுத்த புதன் விபூதிப் புதன். தபசுகாலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கலியாணம் கிடையாது, மன்னாரிலிருந்து வந்த பெண்ணின் தாய் தகப்பனுக்கோ விசா பத்தே நாள்.

வெள்ளிக்கிழமை வீட்டில் சும்மா இருந்திருக்கலாம். என் மனுசன் அன்ரன் விடவில்லை.

"இவ்வளவு தூரம் வந்திட்டு, வைன் செய்யிற ஊரைப் பாக்காமல் போறதோ, றீற்றா?"

ரயிலில் போனோம். சின்ன ஊர், மாசிக் குளிர், சரிவெல்லாம் திராட்சைக் கொடிகள் ஓர் இலைகூட இல்லாமல் விறகுக்குச்சி போல நின்றன. ஒரு கதவு திறந்து கிடந்தது. படியிறங்கினால் நிலவறை, பீப்பாய்கள், நீல ஏப்ரன் கட்டிய ஒரு கிழவர். என் கழுத்தில் கிடந்த தாலிப் பையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு வைன் ஊற்றித் தந்தார், வாயில் கொப்பளித்துவிட்டு வாளியில் துப்பச் சொன்னார்.

"பூசையில வைக்கிற சாமானை ஆரும் துப்புவினமோ!" என்று அன்ரன் விழுங்கினார். நானும் விழுங்கினேன். ஆறு விதம், ஆறையும் விழுங்கினோம். கிழவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் வாய் திறந்துகொண்டது, தாலியை எடுத்துக் காட்டினேன். கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்து, சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, அவரே பத்திரமாகப் பைக்குள் வைத்தார்.

பாட்டுப் பாடிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து, ரயில் ஏறும்போது கழுத்தைத் தடவுகிறேன், பை இல்லை!

"அந்தோனியாரே!" என்று கத்திக்கொண்டு ஓடினேன் பாருங்கள், ஏறின வெறியெல்லாம் அந்த ஓட்டத்திலேயே இறங்கிவிட்டது. கதவு பூட்டியிருந்தது. பூட்டு துருப்பிடித்து, கைபட்டால் உதிரும் போல. அந்தப் பூட்டில் என் பை தொங்கியது.

எதிரே பாண் சுட்டு விற்கிற கடை வைத்திருந்த பெண் வெளியே வந்தாள். அந்தக் கதவு திறந்து தான் கண்டதேயில்லை என்றாள். பையை எப்போது மாட்டினார்கள் என்று கேட்டேன். காலை ஏழு மணிக்குக் கடை திறக்கும்போதே தொங்கியதாம்.

எங்கள் ரயில் அந்த ஊருக்கு வந்ததே பத்தரைக்கு.

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை. பையைத் திறந்தால் தாலி இருந்தது, அதன்மேல் ஒரு திராட்சை இலை, பச்சைப் பசேலென்று. நடுத்தெருவில் நின்று அழுதேன், பிறகு சிரித்தேன், அன்ரன் பூட்டைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி "மெர்சி, மெர்சி" என்று கும்பிட்டார்.

கலியாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அன்று அன்ரன் ஆடின ஆட்டத்தை இன்றைக்கும் வீடியோவில் போட்டுச் சிரிப்போம். கதையைக் கேட்ட ஜூட், "போங்கோ அக்கா, குடிகாரன் பேச்சு விடிஞ்சால் போச்சு" என்றான்.

விடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. நான் மொன்ட்ரியால் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி விற்கிறவள், எந்த இலையையும் தொட்டாலே பறித்து எத்தனை நாள் என்று சொல்லிவிடுவேன். அந்தத் திராட்சை இலையை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். குருத்தோலை ஞாயிறுக்குக் கொண்டுவருகிற ஓலையெல்லாம் அதன் பக்கத்திலேயே காய்ந்து பொடியாகிப் போகும். அந்த இலையை மட்டும் எப்போது தொட்டாலும் விரல் ஒரே பதிலைத்தான் சொல்கிறது.

இன்று காலை பறித்தது.