அத்தை பிடித்த ஆன்டெனா

மடவார் வளாகம் பகுதியில் அத்தை வீட்டு மொட்டைமாடியில் புடலங்கொடி படர்ந்திருந்த கம்பியைத் தொட்டதும் உள்ளங்கையில் அலுமினிய வாடை ஒட்டிக்கொண்டது. ராஜபாளையத்தில் நாங்கள் எல்லோரும் ஒன்றாகக் குடியிருந்து, பின்னால் இடித்துப்போட்ட வீட்டின் டிவி ஆன்டெனா அது.

அந்த வீட்டு மாடியில் மலைக்காற்று ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருக்கும்; கீழே கறுப்பு வெள்ளைப் பெட்டியில் முகங்கள் அழிந்து புள்ளிபுள்ளியாகக் கொட்டும்; அத்தை மேலே போய்ப் பிடித்தால்தான் படம் நிற்கும், கையை எடுத்தால் மறுபடி ஓடிவிடும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படம் முடிகிற வரைக்கும் அவள் வெயில் தாழ்ந்த மாடியிலேயே நிற்பாள், நான் ஜன்னல் திண்டில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துப் பார்த்துக் கதையை மேலே கத்துவேன்.

"ஏட்டி, அவ என்ன சேல கட்டியிருக்கா?"

"மயில் கழுத்துக் கலர் அத்தே!" என்பேன், கறுப்பு வெள்ளையைப் பார்த்துக்கொண்டே. மேலேயிருந்து "ஆத்தீ!" என்று ஒரு சந்தோஷம் இறங்கி வரும்.

இன்று கீழே வந்து, சுவரை அடைத்திருக்கும் டிவியின் ரிமோட்டில் அன்று நான் மயில் கழுத்துக் கலர் என்று கத்திய படத்தின் பெயரைச் சொன்னேன். ஒரு புள்ளி இல்லாமல் வந்து நின்றது. கதாநாயகி மஞ்சள் சேலையில் நடந்து வந்தாள். நான் பக்கத்திலிருந்த அத்தையைத் திரும்பிப் பார்த்தேன்.

அத்தை கண்ணைச் சுருக்கிச் செத்த நேரம் பார்த்தாள்.

"இம்புட்டுப் பெரிய டிவி, கலரு சரியில்லயேட்டி. கடைக்காரன வரச் சொல்லணும்."